வீட்டுக்கு வந்த பரீட்சை

அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டெல்லா. என் மகள். பரீட்சை அவளுக்கு.

அவளுடைய மேடம். பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர். தார்வாட் பக்கத்துக்காரர். தமிழ் தெரியாது.

வெளி எக்ஸாமினர். வயதானவர். தமிழும் தெரியும், கன்னடமும் தெரியும். ஆனால் வாய் திறக்கமாட்டார். மடியில் ஒரு நோட்டு.

கிரேசி. என் மனைவி. சமையலறை நிலையில் சாய்ந்து நின்றாள்.

முனியம்மா அக்கா. பக்கத்து வீடு. இரண்டு நாற்காலி இரவல் கொடுக்க வந்தார். கொடுத்துவிட்டுப் போகவில்லை.

நான்.

ஆறு பேர். எண்ணுவது எனக்குப் பழக்கம். தங்கச் சுரங்கத்தில் நான் பெல்மேன். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஆட்களை எண்ணி ஏற்றி, கதவைச் சாத்தி, மேலே இஞ்சின் ஓட்டுகிறவருக்குப் பெல் அடிக்கவேண்டும். இருபத்து நாலு வருஷம் அடித்தேன். சுரங்கம் மூடிய பிறகும் எண்ணுவது போகவில்லை. சர்ச்சில் எண்ணுவேன். ரயில் பெட்டியில் எண்ணுவேன்.

போன வாரம் கேஜ் கயிறு மாற்றுகிற நாளைப் பற்றி எழுதினேன். படித்த ஒருவர் போன் செய்தார். "சொரங்கம் போதும்ணா. உங்க பொண்ணு இன்னாமோ படிச்சிதுன்னு ஒரு வரி எழுதினீங்களே, அத்த எழுதுங்க" என்றார். எழுதுகிறேன்.

நான் ஐந்தாவது வரைதான். காகிதத்தில் நான் எழுத, ஸ்டெல்லா கம்ப்யூட்டரில் அடிக்கிறாள். பிழை இருந்தால் திருத்துவாள். வேறொன்றும் செய்யமாட்டாள். ஏன் என்று இதைப் படித்து முடித்தால் தெரியும்.

ஒரு வரி நீளத்துக்குப் பெயர்

விண்ணப்பத்தில் அந்தப் படிப்பின் பெயரே ஒரு வரி. பண்பாடு கடந்த தொடர்பியலும் மொழிபெயர்ப்பும். ஸ்டெல்லா இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள்.

"இன்னாம்மா அது?" என்றேன்.

"ஒரு பாஷக்காரங்க சொல்றத இன்னொரு பாஷக்காரங்களுக்குப் புரியவெக்கிறதுப்பா. பாஷ மட்டும் இல்ல. பழக்கவழக்கம், மரியாத, எல்லாத்தியும் சேத்து."

முனியம்மா அக்கா அப்போதும் இருந்தார். "அதுக்கு ஒரு காலேஜா? நம்ம தண்ணிக் கொழாயாண்ட ஒரு மணி நேரம் நின்னா போதுமே. தமிழு, தெலுங்கு, கன்னடம், மூணுலயும் திட்டு வாங்கிக்கினு வரலாம்."

ஸ்டெல்லா சிரித்தாள். நானும் சிரித்தேன். அக்கா சொன்னது பொய் இல்லை. எங்கள் ஊரில் இரண்டு பாஷை பேசாத ஆளைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

எனக்கு அந்தப் பாஷைகள் கேஜ் வாசலில் வந்தன. ஷிப்ட் நேரத்தில் வரிசையாக வருவார்கள். முகத்தைப் பார்த்ததும் இவர் தெலுங்கு, இவர் கன்னடம், இவர் மலையாளம் என்று தெரிந்துவிடும். அந்தந்த பாஷையில் "ஏறு, நகரு, கையை உள்ளே வை" என்பேன். யோசித்துப் பேச நேரம் இல்லை. முகம் தெரிந்தால் வாய் தானாக மாறும். இந்தப் பழக்கம் ஒரு நாள் என் மகளைக் கவிழ்க்கப் பார்க்கும் என்று எனக்குத் தெரியாது.

மாரிகுப்பம் வண்டி

இரண்டு வருஷம் நானும் அவளும் ஒரே வண்டியில் பெங்களூருக்குப் போனோம். விடியக்காலையில் மாரிகுப்பத்தில் கிளம்பும் வண்டி. அவள் படிக்க. நான் ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேன் வேலைக்கு.

எதிரெதிரே உட்காருவோம். பேச்சு அதிகம் இருக்காது. கலியாணமாகிப் பல வருஷம் கழித்துப் பிறந்தவள். அவளிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரிந்ததில்லை. பங்காருபேட்டையில் டீ வாங்கி ஒன்று அவளுக்குக் கொடுப்பேன். குளிர்காலத்தில் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். மப்ளரில் டீ வாசனை இருக்கும்.

காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கன்னடச் செய்தி கேட்பாள். கேட்கக் கேட்கவே தமிழில் முணுமுணுப்பாள். அதுதான் பயிற்சியாம். கண்ணை மூடிக்கொண்டு செய்வாள்.

பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் ஒருநாள் என்னிடம் சொன்னார். "இந்தக் காலத்துல ரயில்ல ஜெபம் பண்ற பொண்ணு எங்க கீதுங்க. பெத்தவங்க குடுத்துவெச்சவங்க."

"ஆமாங்க" என்றேன்.

ஸ்டெல்லாவுக்கு அது கேட்டுவிட்டது. முணுமுணுப்பை நிறுத்தாமலே என் காலை மிதித்தாள்.

கூடப் போவது

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கன்னடம் சரியாக வராதவர்கள் தாலுகா ஆபீசுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போனால் கன்னடம் வருகிறவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அதற்குக் கூடப் போவது என்று பெயர். கூடப் போகிறவர் சொன்னதை மட்டும் சொல்லிவிட்டு வரமாட்டார். நமக்காக மன்றாடுவார். நாம் சொல்ல மறந்ததையும் சொல்வார். சொல்லக் கூசியதையும் சொல்வார். அப்படிச் செய்தால்தான் நல்ல ஆள்.

ஸ்டெல்லா பத்து வயதிலிருந்து கூடப் போனவள்.

முதலில் போனது முனியம்மா அக்காவோடு. ரேஷன் கார்டில் பெயர் தப்பாக இருந்தது. அக்காவுக்குக் குழாயடிக் கன்னடம் வரும். ஆபீசர் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இந்த ஊரில் எத்தனை வருஷம் என்று ஆபீசர் கேட்டார். "பொறந்ததே இங்கதான்" என்று அக்கா தமிழில் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

ஸ்டெல்லா கன்னடத்தில் சொன்னது வேறு. இவர் பிறந்ததே இங்கேதான், வீட்டுக்காரர் இறந்துவிட்டார், முட்டி வலியோடு நடந்தே வந்திருக்கிறார், காலையிலிருந்து சாப்பிடவில்லை, தயவுசெய்து இன்றைக்கே செய்து கொடுங்கள்.

அன்றைக்கே செய்து கொடுத்தார்கள்.

அக்கா தெருவெல்லாம் சொன்னார். "நான் ஒரு வார்த்த சொன்னேன். கொழந்த ஒம்போது வார்த்த சொல்லிச்சி. நான் காலைல நாலு இட்டிலி துண்ணுட்டுதான் போனேன்."

அதற்குப் பிறகு பலர் கூப்பிட்டார்கள். அவளும் போனாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆரோன் அண்ணன் குடித்த கதை

படிப்பில் சேர்ந்த முதல் மாதம் ஒரு விதி சொல்லிக் கொடுத்தார்கள். பேசுகிறவர் "நான்" என்று சொன்னால் நடுவில் இருந்து மொழிபெயர்க்கிறவரும் "நான்" என்றே சொல்லவேண்டும். "அவர் என்ன சொல்கிறார் என்றால்" என்று ஆரம்பிக்கக் கூடாது. கூட்டக் கூடாது. குறைக்கக் கூடாது.

"புரியுதாப்பா?" என்று கேட்டாள்.

"நம்ம ஆரோன் அண்ணன் மாதிரி" என்றேன்.

எங்கள் சபைக்கு வெளியூர்ப் பிரசங்கியார்கள் வருவார்கள். இங்கிலீஷில் பேசுவார்கள். ஆரோன் அண்ணன் பக்கத்தில் நின்று தமிழில் சொல்வார். ஒரு தடவை வந்தவர், தான் வாலிபத்தில் பெருங்குடிகாரனாக இருந்ததாகச் சொன்னார். ஆரோன் அண்ணன் கையை உயர்த்தி, "நான் பெருங்குடிகாரனாயிருந்தேன், என் மனைவியை அடித்தேன்" என்று முழங்கினார். அவர் மனைவி மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

ஆராதனை முடிந்ததும் பெண்கள் அந்த அக்காவைச் சுற்றிக்கொண்டார்கள். "இன்னாக்கா, அண்ணன் எப்ப குடிச்சாரு?"

"குடிச்சாரோ இல்லியோ, அடிச்சேன்னாரே, அத்த வூட்டுக்குப் போய்க் கேக்கறேன்" என்றார் அவர்.

பிரசங்கியார் அடித்ததாகச் சொல்லவே இல்லை. அது அண்ணன் கூட்டியது.

முதல் தடவை

ஸ்டெல்லா எழுத்துப் பரீட்சையில் எல்லாம் தேறினாள். பேசுகிற பரீட்சையில் விழுந்தாள்.

வகுப்பிலேயே ஆஸ்பத்திரி மாதிரி வைத்திருந்தார்கள். ஒருவர் டாக்டர். ஒருவர் தமிழ் நோயாளி. வலி எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். "கொஞ்சம்தான் இருக்கு" என்றார் நோயாளி. ஸ்டெல்லா, ரொம்ப வலிக்கிறது, கூச்சத்தில் கொஞ்சம் என்கிறார், தயவுசெய்து நன்றாகப் பாருங்கள் என்று சொல்லிவிட்டாள்.

"நீ இவருக்கு வக்கீலா?" என்று மேடம் கேட்டாராம்.

அன்று வண்டியில் அதைச் சொன்னாள். அழவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நம்ம ஆளுங்க உயிர் போற வலின்னாலும் கொஞ்சம்னுதாம்பா சொல்வாங்க. நீயே அப்பிடித்தான். நான் சொல்லலன்னா யாரு சொல்வாங்க?"

எனக்குப் பெல் ஞாபகம் வந்தது. கீழே நான் மூன்று அடித்தால் ஆட்கள் ஏறப்போகிறார்கள் என்று அர்த்தம். மேலேயிருந்து அதே மூன்று திரும்பி வரவேண்டும். வந்தால்தான் ஏற்றலாம். மேலே இருப்பவர் நல்ல மனசோடு ஒன்று சேர்த்து அடித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கே தெரிந்திருக்கும்.

இன்னொரு தடவைதான் விடுவார்கள். அதிலும் விழுந்தால் பட்டம் இல்லை. பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவே பேச ஆள் எடுத்தார்கள். இவளைப் பிடித்திருந்தது. பட்டத்தோடு ஜூனில் வா என்றிருந்தார்கள்.

இரண்டாவது பரீட்சையை வெளியில் வைத்தார்கள். மாணவர் தன் ஊரில் ஒருவரைக் காட்டவேண்டும். அவர் தாய்மொழியிலேதான் பேசவேண்டும். மேடம் கன்னடத்தில் கேட்பார். கேள்வி முன்கூட்டித் தெரியாது. ஸ்டெல்லா மூன்று பேரைக் கேட்டாள். இரண்டு பேர் வெட்கப்பட்டார்கள். ஒருவர் மகள் பிரசவத்துக்கு வேலூர் போய்விட்டார். மிஞ்சியது நான்.

முந்தின நாள் சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே ஒன்று மட்டும் சொன்னாள். "நீ இன்னா சொல்றியோ அதத்தான் நான் சொல்வேன்பா. ஒண்ணும் மாத்த மாட்டேன். அதனால நெஜத்தச் சொல்லு."

முகம் பார்த்தால் மாறும் வாய்

மேடம் முதல் கேள்வி கேட்டார். "எஷ்டு வர்ஷ கெல்ச மாடித்ரி?"

எத்தனை வருஷம் வேலை செய்தீர்கள் என்று கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இப்பத்நால்கு வர்ஷ, மேடம்" என்றேன்.

ஸ்டெல்லா திறந்த வாயை மூடிக்கொண்டாள். எக்ஸாமினர் பேனாவை நோட்டின் மேல் வைத்தார். மேடத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். தமிழில் பேசச் சொல்லுங்கள் என்று ஸ்டெல்லாவிடம் சொன்னார்.

சரி என்று தலையாட்டினேன். அடுத்த கேள்வி வந்தது. வேலை என்ன என்று. தமிழில்தான் ஆரம்பித்தேன். பாதியில் மேடம் முகத்தைப் பார்த்தேன். மீதி கன்னடத்தில் போய்விட்டது.

இந்தத் தடவை மேடம் சிரிக்கவில்லை. இன்னொரு முறை இப்படி ஆனால் பரீட்சையை நிறுத்தவேண்டியிருக்கும் என்றார். ஸ்டெல்லா அதை எனக்குத் தமிழில் சொன்னாள். அவள் மேலுதட்டில் வேர்வை இருந்தது.

முனியம்மா அக்காவால் பொறுக்க முடியவில்லை. அவருக்குத் தெரிந்த கன்னடத்தில் ஆரம்பித்துவிட்டார். இவர் ரொம்ப நல்ல மனுஷன் மேடம், வேணும்னு செய்யல மேடம், பொண்ணு கஷ்டப்பட்டுப் படிக்கிறா மேடம்.

கிரேசி வந்து அவர் தோளைப் பிடித்தாள். "அக்கா, உள்ள வாங்க."

"நான் நல்லதுதானே சொன்னேன்?"

"அதான் தப்பு. வாங்க."

அக்காவை உள்ளே உட்காரவைத்துவிட்டு கிரேசி மறுபடி நிலையில் வந்து நின்றாள்.

நான் என் நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். மேடத்தைப் பார்த்தால் கன்னடம் வரும். ஸ்டெல்லாவைப் பார்த்தால் தமிழ்தான் வரும். அவள் முகத்தையே பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

இரண்டு வருஷம் வண்டியில் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். அவ்வளவு நேரம் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. இடது புருவத்தில் ஒரு சின்ன வெட்டு இருக்கிறது. எப்போது பட்டது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள்

நாலைந்து கேள்வி நன்றாகப் போனது. பிறகு மேடம் ஒன்று கேட்டார். ஸ்டெல்லா தமிழில் சொன்னாள்.

"சொரங்கம் மூடின மறுநாள் நீங்க இன்னா செஞ்சீங்க?"

என்னை எப்போதும் நீ என்பவள். அன்று நீங்க என்றாள்.

என்னிடம் ஒரு பதில் இருந்தது. பல வருஷமாக வீட்டில் சொன்ன பதில். மூடின பிறகும் மெஷின் கழற்றவும் பம்ப் ஓட்டவும் கொஞ்சம் பேரை வைத்துக்கொண்டார்கள். அதில் நானும் ஒருவன். அது முடிந்ததும் வாட்ச்மேன் வேலைக்குப் போனேன். கிரேசிக்கு இதுதான் தெரியும் என்று நினைத்திருந்தேன். ஸ்டெல்லாவுக்கு அப்போது நாலு வயது. டிபன் கேரியரைத் தூக்கமுடியாமல் தூக்கி வாசல் வரைக்கும் கொண்டுவந்து கொடுப்பாள்.

ஸ்டெல்லா காத்திருந்தாள்.

"டூட்டிக்குப் போனேன்" என்றேன்.

அவள் சொன்னாள். மேடம் கேட்டார். அவள் கேட்டாள். "மூடினதுக்கப்புறம் இன்னா டூட்டி?"

"டூட்டி இல்ல. டூட்டி மாதிரி போனேன். கேட்ல பூட்டு தொங்கும். தங்கம் எடுத்துட்டுக் கொட்டின சயனைட் மண் மேட்டுக்குப் பின்னால போயி உக்காந்துக்குவேன். ஷிப்ட் முடிஞ்சி சங்கு ஊதற நேரம் எனக்குத் தெரியும். ஊதாது. அந்த நேரத்துக்கு எழுந்து வருவேன்."

அவள் சொன்னாள். குரல் நேராக இருந்தது.

"சாப்பாடு?"

"டிபன் இருந்திச்சி. அப்ப தெனம் ஒரு அவிச்ச முட்ட இருக்கும். ஏன்னு தெரியாது. சாப்புடுவேன்."

"வீட்டுல இன்னா சொன்னீங்க?"

"பொய் சொன்னேன். கொஞ்ச பேர வெச்சிக்கினாங்க, என்னியும் வெச்சிக்கினாங்கன்னு."

ஸ்டெல்லா அதுவரை குறிப்பெடுத்துக்கொண்டே வந்தாள்.

அவள் பேனா நின்றது. மேடம் காத்திருந்தார். எக்ஸாமினர் நிமிர்ந்து பார்த்தார்.

இங்கேதான் கூட்டுவாள் என்று எனக்குத் தெரியும். வீட்டில் கவலைப்படக் கூடாது என்று அப்பா அப்படிச் சொன்னார், மேடம், நல்ல மனுஷன், மேடம் என்பாள். பத்து வயதில் முன்பின் தெரியாத ஆபீசரிடம் முனியம்மா அக்காவுக்காகச் சொன்னவள். அப்பாவுக்காகச் சொல்லமாட்டாளா. பொய் என்பதை மட்டுமாவது வேறு வார்த்தையாக மாற்றியிருக்கலாம்.

நான் அவள் முகத்தையே பார்த்தேன்.

"நானு மனேலி சுள்ளு ஹேளிதே" என்றாள்.

நான் வீட்டில் பொய் சொன்னேன். அந்தக் கன்னடம் எனக்குப் புரியும். புரியாமல் இருந்திருக்கலாம். நான் சொன்னபோது ஒன்றும் தெரியவில்லை. அவள் "நான்" என்று சொல்லிக் கேட்டபோதுதான் தெரிந்தது.

எக்ஸாமினர் நோட்டில் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. ஸ்டெல்லா தேறினாள். ஜூனில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். இன்றும் அங்கேதான். விடியக்காலை வண்டியில் இப்போது அவள் மட்டும் போகிறாள்.

ஆனால் அன்று கூடத்தில் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது.

எத்தனை நாள் அப்படிப் போனீர்கள் என்று மேடம் கேட்டார். ஸ்டெல்லா கேட்டாள்.

"எண்ணல" என்றேன். நிஜம்தான். என் வாழ்க்கையில் நான் எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான்.

ஸ்டெல்லா அதைச் சொன்னாள்.

"நான் எண்ணினேன்" என்றாள் கிரேசி.

எல்லோரும் நிலைப்பக்கம் திரும்பினோம். என்ன சொல்கிறார் என்று மேடம் கேட்டார். ஸ்டெல்லா எக்ஸாமினரைப் பார்த்தாள். அவர் பேனாவை லேசாக அசைத்தார். சொல்லு என்று.

கிரேசி என்னைப் பார்க்கவில்லை. ஸ்டெல்லாவைப் பார்த்துத்தான் பேசினாள்.

"ரெண்டாம் நாளே தெரியும். பம்ப் ஆளுங்க லிஸ்ட்ல இவரு பேரு இல்லன்னு எதிர்வூட்டு மேரி சொல்லிட்டா. டிபன் கட்றது நானு. வேற இன்னா செய்ய. முட்ட ஒண்ணு வெச்சேன். அடுப்புக்கு மேல செவுத்துல ஒரு நாளைக்கி ஒரு கரிக்கோடு போட்டேன். கிறிஸ்மசுக்கு வெள்ளையடிக்கிறதுக்கு முன்ன எண்ணிப் பாத்தேன்."

ஸ்டெல்லா ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். எனக்கு இரண்டாம் நாளே தெரியும். நான்தான் டிபன் கட்டினேன். நான் முட்டை வைத்தேன். நான் கோடு போட்டேன்.

உள்ளே முனியம்மா அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

எத்தனை கோடு என்று மேடம் கேட்டார். ஸ்டெல்லா அம்மாவைக் கேட்டாள். கிரேசி சொன்னாள். ஸ்டெல்லா கன்னடத்தில் அதே எண்ணைச் சொன்னாள்.

அறுபத்து மூன்று.